மஞ்சட் காய்ச்சல்: மனிதன் வெட்டிய பாதையில் வந்த நோய்

வரலாறு எழுதுவோர் மன்னரையும் படைகளையும் வாணிகத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். நோய்களைப் பற்றி ஓரிரு வரிகளிற் கூறி அமைவர். போர்க்களத்தில் வீழ்ந்தோரின் தொகை கவனமாகக் கணக்கிடப்படும். அதே போரின் பாசறைகளிற் காய்ச்சலால் மடிந்தோரின் தொகை பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடும். ஆயினும், சில நோய்களின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளக்குதல் இயலாது. அத்தகைய நோய்களுள் மஞ்சட் காய்ச்சல் தலையாயது.

விலங்குகளிடத்தும் பூச்சிகளிடத்தும் வாழ்ந்து மனிதரைத் தாக்கும் வைரசு நோய்கள் பல. விசர்நாய்க்கடி நோய், டெங்கு, யப்பானிய மூளைக்காய்ச்சல் என்பன இலங்கையர் நன்கறிந்தவை. இவ்வகை நோய்கள் பற்றிய அறிவுக்கு வாயில் திறந்தது மஞ்சட் காய்ச்சலேயாகும். மனிதரிடத்து நோய் விளைக்கும் வைரசு ஒன்று முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்நோயிலே. வைரசு ஒன்றை நுளம்பு காவுகின்றது என்பது முதன்முதலாக ஐயமற நிறுவப்பட்டதும் இந்நோயிலே. ஆனால் அவ்வறிவு எளிதில் வந்ததன்று. சரியான விடை 1881ஆம் ஆண்டிலேயே கூறப்பட்டது; உலகம் அதனை ஏற்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது, தாமதித்து வந்த வெற்றி யாருக்காக ஈட்டப்பட்டது, அவ்வெற்றி முழுமை பெறாதது ஏன் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதற்கு, நோய் நடந்து வந்த பாதையைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

காட்டிலிருந்து கப்பலுக்கு

மஞ்சட் காய்ச்சல் வைரசின் தாயகம் ஆபிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளாகும். அங்கு மர உச்சிகளில் வாழும் குரங்குகளுக்கும், மரப்பொந்துகளிலே தேங்கிய நீரிற் பெருகும் நுளம்புகளுக்கும் இடையே வைரசு ஓயாது சுற்றிவருகின்றது. ஆபிரிக்கக் குரங்குகள் நெடுங்காலமாக இதனோடு பழகியவை. அவை பெரும்பாலும் இதனால் மடிவதில்லை. இச்சுழற்சிக்கு மனிதன் வேண்டப்படுபவன் அல்லன். அவன் காட்டுக்குட் புகும்போது தற்செயலாகவே கடிபடுகின்றான். அவ்வாறு கடிபட்டவன் ஊருக்குத் திரும்பினால், வீட்டைச் சுற்றி வாழும் ஈடிஸ் எஜிப்டி என்னும் நுளம்பு அவனிடமிருந்து வைரசைப் பெற்று அயலவருக்குக் கொடுக்கின்றது. குரங்கு இல்லாமலே மனிதன், நுளம்பு, மனிதன் என்னும் இரண்டாவது சுழற்சி தொடங்கிவிடுகின்றது.

நோய் கடுங்காய்ச்சல், தலைவலி, முதுகுவலி ஆகியவற்றுடன் தொடங்கும். சில நாட்களிற் பலர் குணமடைவர். சிறுபான்மையினருக்குக் காய்ச்சல் மீண்டும் வரும். ஈரல் பழுதடைந்து கண்ணும் தோலும் மஞ்சளாகும். இரைப்பையிற் கசிந்த குருதி கறுத்து வாந்தியாக வெளிவரும். ஸ்பானியர் இந்நோயைக் 'கருவாந்தி' என்று பெயரிட்டமைக்கு இதுவே காரணம். இந்நிலையை அடைந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் இறப்பர். ஒருமுறை வந்து தப்பியவருக்கு வாழ்நாள் முழுவதும் நிர்ப்பீடனம் உண்டு. இந்த இறுதிப் பண்பு பின்னர் பேரரசுகளின் தலைவிதியையே மாற்றியது.

கொலம்பசுக்கு முற்பட்ட அமெரிக்காவில் இந்நோய் இருந்தமைக்குச் சான்றில்லை. வைரசின் மரபியல் ஆய்வுகளும் அது ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் வழியாகவே அமெரிக்கா சென்றது என்னும் முடிவுக்கே இட்டுச்செல்கின்றன. அக்கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாக்கள் ஈடிஸ் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுதற்கு மிக ஏற்றனவாக இருந்தன. நிர்ப்பீடனமற்ற மாலுமிகளும் சிறைப்பட்ட மக்களும் நெருக்கமாக அடைபட்டிருந்தமையால், வாரக்கணக்கான கடற்பயணத்தில் நோய் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றித் தொடர முடிந்தது.

ஐயத்துக்கு இடமற்ற முதற் கொள்ளைநோய் 1647இல் பார்படோஸ் தீவிலே தோன்றியது. அடுத்த ஆண்டில் அது யுக்கத்தான் குடாநாட்டை அடைந்தது. பார்படோசில் அது முதலில் வெடித்தமை தற்செயல் அன்று. 1640களிலேயே அத்தீவு கரும்புப் பெருந்தோட்டங்களின் தீவாக மாறத் தொடங்கியது. காடு வெட்டப்பட்டது, அடிமைகளைக் கொணரும் கப்பல்கள் தொடர்ந்து வந்தன. சீனிப்பாகை வடிப்பதற்குப் பயன்பட்ட மட்பாண்டங்கள் ஆண்டின் பெரும்பகுதியில் வெறுமையாகக் கிடந்து மழைநீரை ஏந்தின. நுளம்புக்கு நீரும் இனிப்பும் கிடைத்தன. வைரசுக்குப் புதிதாக வந்திறங்கிய ஐரோப்பியரின் குருதி கிடைத்தது. சீனிக்காக மனிதன் அமைத்த ஒழுங்கு நோய்க்கும் ஏற்ற ஒழுங்காகவே அமைந்துவிட்டது.

நகரமும் படையும்

அடுத்த இரு நூற்றாண்டுகளில் மஞ்சட் காய்ச்சல் அத்திலாந்திக் கரையின் துறைமுகங்களை மாறி மாறித் தாக்கியது. 1793இல் அன்று ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராக விளங்கிய பிலடெல்பியாவிற்கு, சான் டொமிங்கு குடியேற்றநாட்டின் கிளர்ச்சிக்குத் தப்பிய அகதிகள் கப்பல்களில் வந்திறங்கினர். அக்கோடையில் நோய் பரவியது. ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த நகரில் 5,000 பேர் வரை மடிந்தனர். அரசாங்கமே நகரை விட்டு நீங்கியது. புகழ்பெற்ற மருத்துவரான பெஞ்சமின் ரஷ், நோயாளரின் குருதியைப் பெருமளவில் வெளியேற்றுவதே சிகிச்சை என நம்பினார்.

அதே ரஷ், கறுப்பின மக்களை இந்நோய் தீண்டாது என்று கருதி, நோயாளரைப் பராமரிக்க முன்வருமாறு அவர்களை வேண்டினார். அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சட் அலன் ஆகிய இரு கறுப்பினத் தலைவர்களின் வழிகாட்டலில் பலர் முன்வந்தனர். குளிர் வந்து நோய் தணிந்த பின்னர் மத்தியூ கேரி என்னும் வெளியீட்டாளர், அவர்கள் அதிக கூலி பறித்தார்கள் என்றும் நோயாளரின் வீடுகளைக் கொள்ளையிட்டார்கள் என்றும் எழுதினார். 1794இல் ஜோன்சும் அலனும் வெளியிட்ட மறுப்பு நூல், தம் மக்களும் இந்நோயால் மடிந்தார்கள் என்பதைக் கணக்குடன் எடுத்துரைத்தது. இளமையில் நோய் கண்டு பெற்ற நிர்ப்பீடனத்தை இனத்தின் இயல்பெனக் கொண்ட இத்தவறு, வெப்பநாட்டுப் பெருந்தோட்டங்களில் உழைக்கவென்றே ஆபிரிக்கர் படைக்கப்பட்டனர் என்னும் அடிமை முதலாளிகளின் வாதத்துக்குத் துணையாகவும் வழங்கிவந்தது.

அந்த நிர்ப்பீடனம் எசமானர்களுக்கு எதிராகவும் திரும்பியது. சான் டொமிங்குவில் விடுதலை பெற்ற அடிமைகளை மீண்டும் அடக்குவதற்கு நெப்போலியன் தன் மைத்துனனான லெக்ளேர் தலைமையில் 1801இன் இறுதியிற் பெரும்படையை அனுப்பினான். மழைக்காலமும் அதனோடு காய்ச்சலும் வரும்வரை நேரடிப் போரைத் தவிர்த்து நிற்பதன் பயனைத் துசேன் லூவெர்த்தூரும் தெசலினும் அறிந்திருந்தனர். பல்லாயிரம் பிரெஞ்சு வீரர் காய்ச்சலால் மாண்டனர். 1802 நவம்பரில் லெக்ளேரும் மாண்டான். துசேன் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுப் பிரெஞ்சுச் சிறையில் 1803இல் இறந்தபோதிலும், 1804 ஜனவரி 1ஆம் திகதி எயிட்டி விடுதலை பெற்றது. அமெரிக்காவிற் பேரரசு அமைக்கும் எண்ணத்தைக் கைவிட்ட நெப்போலியன் 1803இல் லூசியானாப் பிரதேசத்தை ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்றான். எயிட்டியரின் விடுதலையை நுளம்பு ஈட்டிக் கொடுத்தது என்று கூறுதல் பொருந்தாது. அம்மக்களின் போராட்டமும் போர்த்திறனுமே அதனை ஈட்டின. ஆயினும், நிலத்தையும் பருவத்தையும் அறிந்தவன் படைக்கலத்தில் மிக்கவனை வெல்லலாம் என்பதற்கு அது சான்றாகும்.

1878இல் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் எழுந்த கொள்ளைநோய் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் குடித்தது. அவர்களுள் 5,000 பேருக்கு மேற்பட்டோர் மெம்பிஸ் நகரத்தவர். மக்கள் அஞ்சி ஓடியதாலும் கடன் சுமையாலும் அந்நகரம் தனது நகராட்சி உரிமையையே 1879இல் இழந்தது. நோய் கியூபாவின் துறைமுகங்களிலிருந்தே வருகின்றது என்னும் அச்சம் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி வணிகரிடையே ஆழமாக வேரூன்றியது.

பினிலேயின் கருதுகோள்

நோயின் காரணம் பற்றி இரு கட்சிகள் வாதிட்டன. அழுகிய பொருள்களின் நச்சுக்காற்றே காரணம் என்றனர் ஒரு சாரார். நோயாளரிடமிருந்து நேரே தொற்றுகின்றது என்றனர் மற்றச் சாரார். இரண்டாவது கட்சியை மறுக்கக் கருதிய ஸ்டபின்ஸ் பேர்த் என்னும் பிலடெல்பிய மருத்துவ மாணவர் நோயாளரின் வாந்தியைத் தம் உடலிற் பூசியும் பருகியும் பார்த்து, தமக்கு நோய் வராமையை 1804இல் வெளியிட்டார். நோயாளரைத் தொட்டவர் தப்புவதும், எவரையும் காணாதவர் மடிவதும் இரு கட்சியினருக்கும் விளங்காத புதிராகவே இருந்தன. வெனிசுவேலாவிற் பணியாற்றிய பொபெர்த்துயி என்னும் மருத்துவர் 1850களில் நுளம்பைக் குறிப்பிட்டார். ஆனால் அழுகற் பொருளின் நஞ்சையே நுளம்பு கொணர்கின்றது என அவர் எண்ணினார்.

கியூபாவிற் பிறந்து பிலடெல்பியாவில் மருத்துவம் பயின்ற கார்லோஸ் பினிலே (1833–1915) புதிரை வேறு வழியில் நோக்கினார். நோயாளர், நோயேற்கத்தக்கவர் ஆகிய இருவருக்கும் இடையே அவ்விருவரையும் சாராத மூன்றாவது காவி ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1881 பெப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த சர்வதேச சுகாதார மாநாட்டிற் கூறினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி ஹவானா விஞ்ஞானக் கழகத்தில் வாசித்த கட்டுரையில், அக்காவி இன்ன நுளம்பு என்று இனங்குறித்தே சுட்டினார். அவர் சுட்டிய நுளம்பே இன்று ஈடிஸ் எஜிப்டி எனப்படுவது. அவையினர் வினா எதுவும் எழுப்பவில்லை. பின்னர் அவரை 'நுளம்பு மனிதர்' என எள்ளினர்.

இப்புறக்கணிப்புக்குக் காரணம் குடியேற்றநாட்டு அறிஞர் மீது பெருநாட்டார் கொண்ட இளக்காரமே என்று கூறுவதுண்டு. அதில் உண்மை உண்டெனினும் அதுவே முழு உண்மை அன்று. பினிலேயின் பரிசோதனைகள் ஐயமற எதனையும் நிறுவவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களிலேயே நோயாளரின் குருதியில் வைரசு மிகுந்திருக்கும். அதனை உறிஞ்சிய நுளம்பு ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் சென்ற பின்னரே பிறருக்கு நோயைக் கொடுக்கவல்லதாகும். பினிலே சில நாட்களுள்ளேயே அந்நுளம்பைத் தொண்டர்மீது கடிக்கவிட்டார். கருதுகோள் சரி, காலக்கணக்கு அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அக்குறையை நிரப்ப முயலாமல் கருதுகோளையே எள்ளி ஒதுக்கிய இருபது ஆண்டுகளுக்கு அவர் பொறுப்பாளர் அல்லர். 1897இல் ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியை நுளம்பினுள்ளே கண்டபின்னரே பினிலேயின் கூற்று மீண்டும் நினைக்கப்பட்டது.

ஹவானா, 1900

1898இல் ஐக்கிய அமெரிக்கா ஸ்பெயினை வென்று கியூபாவைக் கைக்கொண்டது. அப்போரிற் குண்டுக்கு இரையானவரிலும் நோய்க்கு இரையான அமெரிக்க வீரரே அதிகம். நோய் அமெரிக்கப் படையின் நோயாக மாறியதும் ஆய்வுக்குப் பணமும் ஆளும் கிடைத்தன. 1900 யூனில் வோல்டர் ரீட் தலைமையில் ஜேம்ஸ் கரோல், ஜெசி லசேயர், கியூபரான அரிஸ்திதெஸ் அக்ரமொந்தே ஆகியோர் கொண்ட குழு ஹவானா வந்தது. பினிலே தாம் பேணிவந்த நுளம்பு முட்டைகளை அக்குழுவிடம் கையளித்தார்.

அதே காலத்தில் ஹென்றி காட்டர் என்னும் சுகாதார அதிகாரி மிசிசிப்பிக் கிராமங்களில் ஒரு நுட்பத்தைக் கண்டறிந்திருந்தார். ஒரு வீட்டில் முதல் நோயாளி தோன்றிய பின்னர் இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும்வரை அடுத்த நோயாளி தோன்றுவதில்லை. நோய் ஓரிடத்தில் முதிர்ச்சி பெறுதற்கான இடைவெளி அது. பினிலேயின் நுளம்பையும் காட்டரின் இடைவெளியையும் ஒன்றுசேர்த்தபோது விடை முழுமை பெற்றது. ஓகஸ்ட் 27ஆம் திகதி கரோல் தம்மை நுளம்பு கடிக்கச் செய்தார். சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். லசேயர் செப்டெம்பர் 25ஆம் திகதி நோயால் மடிந்தார்.

அவர் பெயரால் அமைந்த முகாமில் நவம்பர் முதல் ஒழுங்கான பரிசோதனைகள் நடைபெற்றன. நோயாளரின் வாந்தியும் மலமும் தோய்ந்த படுக்கைகளில், நுளம்பு புகாத அறையில், தொண்டர்கள் இருபது இரவுகள் உறங்கினர், ஒருவரும் நோயுறவில்லை. மற்றொரு கட்டடம் தூய்மையாக்கப்பட்டு நடுவே கம்பிவலையால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நுளம்புள்ள பக்கத்திற் கிடந்து கடிபட்ட தொண்டர் நோயுற்றார். வலைக்கு அப்பால் அதே காற்றைச் சுவாசித்தவர் நலமாயிருந்தனர். நச்சுக்காற்றுக் கொள்கையும் நேர்த்தொற்றுக் கொள்கையும் அத்துடன் முடிவடைந்தன. 1901இல் கரோல், பற்றீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியினூடாக நோயாளரின் குருதிநீரைச் செலுத்திய பின்னரும் அது நோயை விளைத்தமையைக் காட்டினார். மனித வைரசு நோய் ஒன்றின் முதற் சான்று அதுவே.

இப்பரிசோதனைகளுக்கு உடன்பட்டோரிற் பலர் அண்மையில் வந்திறங்கிய ஏழை ஸ்பானியக் குடியேறிகளாவர். அவர்களோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்யப்பட்டது: பரிசோதனைக்கு உட்பட 100 பொன் டொலர், நோயுற்றால் மேலும் 100 டொலர். மருத்துவ ஆய்வில் உடன்பாட்டை எழுத்திற் பெறும் வழக்கத்தின் முன்னோடி என இது போற்றப்படுகின்றது. கையிற் காசில்லாதவனுக்கு அந்த உடன்பாடு எவ்வளவு சுதந்திரமானது என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தே எழுகின்றது.

வில்லியம் கோர்கஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1901இல் ஹவானாவின் நீர்த்தொட்டிகளை மூடச் செய்தும், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றியும், நோயாளரின் வீடுகளிற் புகையூட்டியும் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் நோயை ஒழித்தார். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்நகரை வாட்டிய நோய் மாதக்கணக்கில் மறைந்தது. கியூபாவின் இறைமையைக் கட்டுப்படுத்திய பிளாற் திருத்தத்தின் ஐந்தாம் பிரிவு, கியூப நகரங்களின் சுகாதாரத்தைப் பேணுமாறு அந்நாட்டை அதே ஆண்டிலேயே கட்டாயப்படுத்தியது. கியூப மக்களின் நலனோடு அமெரிக்கத் தென்துறைமுகங்களின் வாணிக நலனும் அப்பிரிவில் வெளிப்படையாகவே கூறப்பட்டது. நுளம்பு ஒழிப்பு ஒரே வேளையில் மனிதாபிமானப் பணியாகவும் பேரரசின் பணியாகவும் விளங்கியது.

பனாமாவின் கணக்கு

பனாமாக் கால்வாயை வெட்ட 1881இல் முற்பட்ட பிரெஞ்சுக் கம்பனி 1889இல் முறிந்தது. அதற்குள் ஏறத்தாழ 22,000 பேர் நோயாலும் விபத்தாலும் மடிந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. கம்பனியின் அழகிய மருத்துவமனையிலே எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற் கால்கள் நீர்க்கிண்ணங்களில் வைக்கப்பட்டிருந்தன. தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் நீர்வளையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. நோய் தீர்க்க அமைந்த இடமே நுளம்பு வளர்க்கும் இடமாயிற்று.

1904இல் அமெரிக்கர் பணியை ஏற்றபோது கோர்கஸ் அங்கு சென்றார். ஹவானாவின் அனுபவத்துக்குப் பின்னரும் மேலதிகாரிகள் சிலர் நுளம்புக் கொள்கையை வீண்செலவென்றே கருதினர். 1905இல் நோய் வெடித்து வெள்ளை உத்தியோகத்தர் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறிய பின்னரே, புதிய தலைமைப் பொறியியலாளர் ஜோன் ஸ்டீவன்ஸ் அவருக்கு வேண்டிய அனைத்தையும் வழங்கினார். பனாமா, கொலோன் நகரங்களுக்குக் குழாய்நீர் வந்தது. மழைநீர்ப் பீப்பாய்களுக்குத் தேவை அற்றது. அவ்வாண்டு நவம்பருடன் பனாமா நகரில் மஞ்சட் காய்ச்சல் நின்றது. 1914 ஓகஸ்ட் 15ஆம் திகதி கால்வாய் திறக்கப்பட்டது.

இவ்வெற்றியின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. அமெரிக்கரின் காலத்தில் அங்கு மடிந்த 5,609 பேரில் ஏறத்தாழ 4,500 பேர் மேற்கிந்தியக் கறுப்பினத் தொழிலாளராவர். அவர்களிற் பெருந்தொகையினர் பார்படோசிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் நியூமோனியாவும் வெடிமருந்தும் புகைவண்டியுமாம். வெள்ளையர் தங்கப் பட்டியலிலும் ஏனையோர் வெள்ளிப் பட்டியலிலும் சம்பளம் பெற்ற அவ்விடத்தில், வெள்ளையரை மிகவும் அச்சுறுத்திய நோயே முதலில் ஒழிக்கப்பட்டது. ஈரம் ஒழுகும் குடிசைகளில் வந்த நியூமோனியாவுக்கு அத்துணை விரைவு காட்டப்படவில்லை.

வனத்தின் மறுமொழி

துறைமுகங்களில் ஈடிஸ் நுளம்பை ஒழித்தால் நோய் உலகை விட்டே நீங்கும் என்று பலரும் நம்பினர். ரொக்பெல்லர் நிறுவனம் அந்நோக்கத்துடன் பெருமுயற்சியில் இறங்கியது. ஆனால் 1907இலேயே கொலம்பியாவின் முசோ மரகதச் சுரங்கத் தொழிலாளர் காட்டிலே நோயுறுவதை ரொபேர்த்தோ பிராங்கோ என்னும் மருத்துவர் கண்டு எழுதியிருந்தார். அதுவும் பினிலேயின் கூற்றைப் போலவே கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1932இல் பிரேசிலின் எஸ்பிரித்தோ சாந்தோ மாநிலத்தில், ஈடிஸ் எஜிப்டி அறவே இல்லாத பள்ளத்தாக்கொன்றில் நோய் தோன்றியபோதே, பிரெட் சோப்பரும் அவருடைய சகாக்களும் வன மஞ்சட் காய்ச்சலின் உண்மையை உணர்ந்தனர்.

அடிமைக் கப்பலில் வந்த வைரசு அமெரிக்க நகரங்களில் மட்டும் தங்கிவிடவில்லை. காட்டினுட் புகுந்து அங்குள்ள குரங்குகளிலும் ஹெமகோகஸ் முதலிய மர உச்சி நுளம்புகளிலும் புதிய சுழற்சி ஒன்றை அமைத்துக்கொண்டது. மரம் வெட்டப்பட்டு வீழும்போது உச்சியில் வாழும் அந்நுளம்புகளும் நிலத்துக்கு இறங்கி விறகுவெட்டியைக் கடிக்கின்றன. ஆபிரிக்கக் குரங்குகளைப் போன்று நெடுங்காலப் பழக்கம் இல்லாமையால், அமெரிக்காவின் ஊளையிடும் குரங்குகள் இந்நோயாற் கூட்டமாக மடிகின்றன. 1940களின் இறுதியிற் பனாமாவிற் கிளம்பி மத்திய அமெரிக்கா வழியே வடக்கு நோக்கி நகர்ந்த நோயலை, குரங்குகளின் ஒலி அடங்கிய காடுகளைத் தன் பின்னே விட்டுச் சென்றது.

ஆபிரிக்காவில் உகண்டாவின் காடுகளிலே நடந்த ஆய்வுகள் மற்றொரு பாதையைக் காட்டின. குரங்குகள் தோட்டங்களில் வாழைக்குலை தின்ன வருகின்றன; வாழை மடல்களின் இடுக்கில் தேங்கிய நீரிற் பெருகும் நுளம்பு அவற்றையும் கடித்துத் தோட்டக்காரரையும் கடிக்கின்றது. காட்டுக்கும் ஊருக்கும் இடையே மனிதன் நட்ட வாழையே பாலமாயிற்று. அதே ஆய்வின்போதே 1947இல் சிக்கா வைரசும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. விலங்கிடத்து வைப்பகம் உள்ள நோயை, பெரியம்மையை ஒழித்தது போல உலகினின்றும் துடைத்தெறிய இயலாது என்பதே வனம் கற்பித்த பாடமாகும்.

ஒரு மனிதனின் குருதி

ஒழிக்க இயலாத நோய்க்குத் தடுப்பூசி இன்றியமையாததாயிற்று. யப்பானியரான ஹிதேயோ நொகுச்சி 1919இல் ஒரு நுண்ணங்கியைக் காரணமெனக் காட்டி உலகப் புகழ் பெற்றார், அது தவறாயிற்று. 1927இல் கோல்ட் கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், அசிபி என்னும் 28 வயது ஆபிரிக்கர் நோயுற்றார். ஏட்ரியன் ஸ்ரோக்ஸ் முதலியோர் அவருடைய குருதியை இந்தியாவுக்குரிய ரீசஸ் குரங்கு ஒன்றிற் செலுத்தினர். ஆபிரிக்கக் குரங்குகளிற் காணாத நோய் அதனிடம் தோன்றியது. ஆய்வுகூடத்தில் வைரசு கைக்கு அகப்பட்டது. அவ்வாண்டே ஸ்ரோக்ஸ் நோயால் மடிந்தார். தம் கொள்கையைச் சரிபார்க்க ஆபிரிக்கா வந்த நொகுச்சி 1928 மே மாதத்தில் அக்கிராவில் மடிந்தார்; அவருடன் பணியாற்றிய வில்லியம் யங் சில நாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார். அசிபி பிழைத்துக்கொண்டார்.

தென்னாபிரிக்காவிற் பிறந்த மக்ஸ் தைலர், அசிபியின் குருதியிலிருந்து பெற்ற அவ்வைரசைக் கோழிக்கருவின் இழையத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தடவை தொடர்ந்து வளர்த்து, நோய் விளைக்கும் வலியிழந்ததும் நிர்ப்பீடனம் ஊட்டவல்லதுமான 17டி வகையைப் பெற்று 1937இல் வெளிப்படுத்தினார். 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏழு முறை அப்பரிசுக்குப் பிரேரிக்கப்பட்ட பினிலேக்கு அது ஒருமுறையேனும் கிட்டவில்லை. அசிபியின் பெயர் வைரசின் பெயராகவே நிலைத்தது. இன்றும் உலகெங்கும் இடப்படும் இத்தடுப்பூசி யாவும் அம்மனிதரின் குருதியிலிருந்து வழிவந்தவையே.

தடுப்பூசி இருந்தும் நோய் ஓயவில்லை. 1960–62இல் எத்தியோப்பியாவில் ஏறத்தாழ 30,000 பேர் மடிந்தனர். ஈடிஸ் எஜிப்டியை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஒழிக்க 1947இல் தொடங்கிய இயக்கம் 1962 அளவிற் பதினெட்டு நாடுகளில் வெற்றி கண்டது. அக்கறை தளர்ந்து பணமும் குறைந்ததும் நுளம்பு மீண்டு வந்தது. 2016இல் அங்கோலாவிலும் கொங்கோவிலும் நோய் வெடித்தபோது தடுப்பூசி போதாமையால், கின்சாசா நகர மக்களுக்கு வழமையான அளவின் ஐந்திலொரு பங்கே இடப்பட்டது. 2016–18இல் தென்கிழக்குப் பிரேசிலில் 2,000 பேருக்கு மேல் நோயுற்றனர். அங்கு அறியாமையால் மக்கள் குரங்குகளையே அடித்துக் கொன்றனர். குரங்கு நோயைப் பரப்பும் பகைவன் அன்று. முதலில் மடிந்து எச்சரிக்கை தரும் காவலாளியே என்பதைச் சுகாதார அதிகாரிகள் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

ஆசியாவின் நிலை

ஆசியாவில் இந்நோய் ஒருபோதும் நிலைகொண்டதில்லை. ஆனால் அதற்கு வேண்டிய யாவும் இங்குண்டு: ஈடிஸ் நுளம்பு உண்டு, நோயேற்கும் குரங்கு உண்டு, நிர்ப்பீடனமற்ற மக்கள் உண்டு. பனாமாக் கால்வாய் திறந்தால் நோய் நேரே கிழக்குத் துறைமுகங்களை வந்தடையும் எனப் பற்றிக் மான்சன் முதலியோர் அஞ்சினர். அதனை ஆராய இந்திய அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட எஸ். பி. ஜேம்ஸ் 1913இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அச்சம் மெய்ப்படவில்லை. டெங்கு முதலிய உறவு வைரசுகள் மக்களிடத்து ஓரளவு பாதுகாப்பை ஏற்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளரின் விளக்கங்களுள் ஒன்று. 2016இல் அங்கோலாவிலிருந்து திரும்பிய பதினொரு சீனத் தொழிலாளர் நோயுடன் வந்தனர். ஆசியாவில் இந்நோய் உறுதிப்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை. பார்படோசுக்குக் கப்பலில் வாரக்கணக்கில் வந்த நோய் இன்று ஆகாயவிமானத்தில் ஒரே நாளில் வருகின்றது.

ஈடிஸ் எஜிப்டியும் ஆபிரிக்காவிலிருந்து வாணிகத்தோடு உலகெங்கும் பரவிய பூச்சியே. பினிலே சுட்டிய அந்நுளம்பே 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிற் பதிவான 1,86,101 டெங்கு நோயாளருக்குத் தலையாய காரணமாயிற்று. டெங்கு வைரசும் ஆதியிற் காட்டுக் குரங்குகளிடமிருந்து வந்ததே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு இனி விடை கூறலாம். அறிவு தாமதித்தமைக்குப் பரிசோதனையின் குறை ஒரு காரணம். ஆனால் அக்குறையை நிரப்பும் வசதி, நோய் வலியோரின் படையையும் வாணிகத்தையும் தாக்கும்வரை வழங்கப்படவில்லை. வெற்றி துறைமுகத்துக்கும் கால்வாய்க்கும் முதலிற் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளனுக்கும் விறகுவெட்டிக்கும் கடைசியாகவே கிடைத்தது. அது முழுமை பெறாமைக்குக் காரணம் வனத்தின் சுழற்சி மட்டுமன்று. நோய் தணிந்தவுடன் பணத்தையும் கவனத்தையும் வேறு பக்கம் திருப்பும் அரசுகளின் வழக்கமும் ஆகும். பனாமா மருத்துவமனையின் கட்டிற் கால்களின் கீழிருந்த நீர்க்கிண்ணங்களுக்கும், மழைக்குப்பின் நம் வீட்டு வளவுகளிற் கிடக்கும் சிரட்டைக்கும் ரயருக்கும் வேறுபாடு சிறிதே. அவற்றைக் கவிழ்ப்பதற்கு வேண்டிய அறிவு 1881 ஓகஸ்ட் 14ஆம் திகதியே ஹவானாவில் உரக்க வாசிக்கப்பட்டுவிட்டது.